9999 இன் 1 கேசட்டுக்குள் என்ன இருந்தது?

மஞ்சள் நிறக் கேசட். அதன் மேல் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் 9999 இன் 1 என்று போட்டிருந்தது. 1998 கோடை லீவு, அருப்புக்கோட்டையில் பெரியப்பா வீட்டுக் கூடம். அண்ணன் ஒரு ரஃப் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, வரிசையாக ஒவ்வொரு கேமையும் போட்டுப் பார்த்துப் பெயர் எழுத ஆரம்பித்தான். லீவு முடிவதற்குள் 9999-ஐயும் எழுதிவிடுவது என்பது திட்டம்.

நாற்பதைத் தொடும்போதே இடித்தது. 4-ஆம் எண்ணில் இருந்த மரியோ 37-லும் வந்தான், ஆனால் தண்ணீருக்குள் நீந்திக்கொண்டு. கொஞ்ச தூரம் தள்ளிப் பார்த்தால் அதே மரியோ கோட்டைக்குள் நிற்கிறான். டாங்கி கேம் பத்துப் பதினைந்து பெயர்களில் இருந்தது, ஒவ்வொன்றும் வேறு ஸ்டேஜில் தொடங்கியது. இரண்டு நாள் உட்கார்ந்து அடித்துத் திருத்தியதில் நோட்டில் மிஞ்சியவை 22 பெயர்கள். கேசட் வாங்கிய கடைக்குப் போய் நியாயம் கேட்டோம். “மெனுவுல 9999 இருக்கா இல்லையா? எண்ணிப் பாருங்க தம்பி” என்றார் கடைக்காரர். இருந்தது, அதில் பொய்யில்லை.

ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது, அந்த 22 பெயர்களும் தற்செயலாகச் சேர்ந்தவை இல்லை என்று. கிட்டத்தட்ட அதே பட்டியலை ரஷ்யாவிலும் போலந்திலும் பாகிஸ்தானிலும் வளர்ந்தவர்கள் ஒப்பிக்கிறார்கள். அமெரிக்காவில் வளர்ந்தவர்கள் ஒப்பிப்பதில்லை. நாம் எந்த விளையாட்டை நினைத்து உருகுகிறோம் என்பதை நம் ரசனை முடிவு செய்யவில்லை, சிப்பின் விலையும் அதில் இருந்த இடமும்தான் முடிவு செய்தன. அது எப்படி என்று பார்ப்போம்.

நாம் “டிவி கேம்” என்றோ வெறும் “வீடியோ கேம்” என்றோ சொன்ன அந்தப் பெட்டியின் மூலம், ஜப்பானில் நின்டெண்டோ 1983 ஜூலை 15 அன்று வெளியிட்ட ஃபேமிலி கம்ப்யூட்டர், சுருக்கமாக ஃபேமிகாம். மசாயுகி உவெமுரா தலைமையிலான குழு வடிவமைத்தது. விலை 14,800 யென். உள்ளே ரிக்கோ நிறுவனம் செய்த இரண்டு முக்கியமான சிப்புகள்: ஒன்று கணக்குப் போடவும் சத்தம் எழுப்பவும், இன்னொன்று படம் வரையவும். வேலை செய்வதற்கான நினைவகம் வெறும் 2 கிலோபைட். ‘குட் மார்னிங்’ என்று ரோஜாப்பூவோடு காலையில் வாட்ஸ்அப்பில் வந்து விழும் ஒரு படத்தைக்கூட அதில் வைக்க முடியாது.

அமெரிக்காவுக்கு 1985-ல் இதையே வேறு உடுப்பு மாட்டி, என்.இ.எஸ். என்ற பெயரில் அனுப்பினார்கள். அதற்குள் ஒரு பூட்டுச் சிப்பும் வைத்தார்கள். கம்பெனியின் அனுமதி இல்லாமல் செய்த கேசட் என்றால் பெட்டி ஓடாது. ஜப்பானில் விற்ற ஃபேமிகாமில் அந்தப் பூட்டு கிடையாது. கேசட் செருகும் இடமும் வேறு, அமெரிக்கப் பெட்டியில் 72 பின் (உலோக முனை), ஜப்பான் பெட்டியில் 60. உலகத்தில் நகல் எடுத்தவர்களெல்லாம் எதைப் பார்த்து எடுத்திருப்பார்கள்? பூட்டில்லாத வீட்டைத்தான்.

எண்பதுகளின் கடைசியிலேயே தைவானின் யு.எம்.சி. நிறுவனம் அந்த இரண்டு ரிக்கோ சிப்புகளுக்கும் ஈடான நகல் சிப்புகளைச் செய்யத் தொடங்கிவிட்டது. பிறகு எல்லாவற்றையும் ஒரே சிப்பில் அடக்கி, அதன் மேல் கறுப்புப் பிசினை ஒரு சொட்டு விட்டு மூடினார்கள். எங்கள் பெட்டி செத்துப்போன பிறகு அண்ணன் ஸ்க்ரூவைக் கழற்றிப் பார்த்தான். அவ்வளவு பெரிய டப்பாவுக்குள் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு போர்டு, அதன் நடுவில் திருஷ்டிப் பொட்டு மாதிரி அந்தக் கறுப்புச் சொட்டு, எடைக்காக ஒரு இரும்புத் துண்டு. அவ்வளவுதான் சரக்கு. மேல் கூட்டை அன்றன்றைக்கு எது பிரபலமோ அதன் சாயலில் வார்த்துக்கொள்வார்கள். பார்க்க பிளேஸ்டேஷன் மாதிரி இருக்கும், உள்ளே 1983.

இந்தியாவில் நுகர்பொருள் இறக்குமதிக்கு 2001 வரை பலவிதக் கட்டுப்பாடுகள் இருந்தன. அசல் பெட்டி ஒழுங்கான வழியில் வந்து நடுத்தர வீட்டின் கைக்கெட்டும் விலையில் விற்பது நடக்காத காரியம். வந்ததெல்லாம் சிங்கப்பூர், துபாய் சூட்கேஸ் வழியாகவும், பர்மாவிலிருந்து திரும்பியவர்கள் கடை போட்ட சென்னை பர்மா பஜார் வழியாகவும், ரிச்சி ஸ்ட்ரீட் வழியாகவும்தான். அங்கிருந்து எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டு ஃபேன்சி ஸ்டோர் வரைக்கும் இறங்கிவிட்டது. ஆக, 1998-ல் நாங்கள் ஆடியது பதினைந்து வருடத்துப் பழைய யந்திரத்தின் நகலை. அதே வருடம் ஜப்பானில் ட்ரீம்காஸ்ட் என்ற புதுத் தலைமுறை கேம் பெட்டி வந்துவிட்டது. எங்களுக்கு அது தெரியாது, தெரிந்திருந்தாலும் கவலைப்பட்டிருக்க மாட்டோம்.

சரி, 22-க்கு வருவோம். ஃபேமிகாமின் ஆரம்ப கால கேசட்டுகள் மிகவும் எளிமையானவை. நிரல் ஒரு சிப்பில், படங்கள் இன்னொரு சிப்பில், வேறு எதுவும் கிடையாது. டாங்கி கேம் என்று நாம் சொன்ன பேட்டில் சிட்டி (நாம்கோ, 1985) மொத்தம் 24 கிலோபைட். பைக் கேம் என்ற எக்ஸைட்பைக்கும் (1984) 24. ஐஸ் கிளைம்பர், ரோட் ஃபைட்டர், வாத்து சுடும் டக் ஹன்ட் எல்லாமே 24. கேலக்ஸியன் 16. சூப்பர் மரியோ (1985 செப்டம்பர்) கொஞ்சம் பெரியது, 40 கிலோபைட். அந்த 40-க்குள்தான் 32 ஸ்டேஜ், பாட்டு, கோட்டை, ராட்சசன் எல்லாம். இடம் பிடிக்க அவர்கள் பட்ட பாடு படத்திலேயே தெரியும்: மேலே மிதக்கும் மேகமும் கீழே இருக்கும் புதரும் ஒரே படம். ஒன்றுக்கு வெள்ளை, இன்னொன்றுக்குப் பச்சை. இதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்த முதல் ஸ்டேஜை என்னால் பழையபடி பார்க்க முடியவில்லை.

தொண்ணூறுகளில் நினைவகச் சிப்பு மலிந்தது. ஒரு மெகாபைட் சிப்பு என்றால் 24 கிலோபைட் கேம் நாற்பதுக்கு மேல் கொள்ளும். கேசட் செய்பவன் எதை நிரப்புவான்? சிறியதை, கூடுதல் சிப்பு கேட்காததை. அது 1983-லிருந்து 1985 வரை ஜப்பானில் வந்த கேம்கள். மிச்சத்தை மெனு பார்த்துக்கொண்டது. 37-ஆம் எண்ணை அழுத்தினால், “மரியோவை ஓட்டு, ஆனால் தண்ணீர் ஸ்டேஜிலிருந்து” என்று நினைவகத்தில் ஒரு எண்ணைப் போட்டுவிட்டு அதே கேமுக்குள் தாவும். ஒரு புதுப் பெயரும் சில பைட்டுகளும் செலவு. 9999 என்ன, 99999-ம் போடலாம். போட்டார்கள்.

அமெரிக்கர்கள் தங்கள் சிறுவயதைப் பற்றிப் பேசும்போது செல்டா, மெட்ராய்ட், மெகா மேன் என்று அடுக்குவார்கள். நம்மில் பலர் அந்தப் பெயர்களை இன்டர்நெட் வந்த பிறகுதான் கேள்விப்பட்டோம். காரணம் இதேதான். செல்டா கேசட் 128 கிலோபைட். நினைவகத்தைப் பகுதி பகுதியாக மாற்றிக் காட்ட அதற்குத் தனிச் சிப்பு வேண்டும், விட்ட இடத்திலிருந்து தொடர உள்ளே ஒரு பேட்டரி வேண்டும். மலிவுக் கேசட்டில் பேட்டரிக்கு எங்கே போவது? மறுபக்கம், பேட்டில் சிட்டி என்.இ.எஸ். கேசட்டாக அமெரிக்காவில் வெளியாகவே இல்லை. நமக்கு மரியோவுக்கு அடுத்த இடத்தில் இருக்கும் டாங்கி கேம் அங்கே பலருக்குப் பெயரளவில்கூடத் தெரியாது. ரஷ்யாவில் 1992-ல் டென்டி என்ற பெயரில் இதே நகல் பெட்டி வந்தது. அங்கே வளர்ந்த ஒருவரிடம் டாங்கி கேம் பற்றி ஆரம்பித்தால் பேச்சு நிற்காது.

ஒரு சின்ன விஷயம். நாம் அதைக் கேசட் என்றோம். ஆங்கிலத்தில் அதன் பெயர் கார்ட்ரிட்ஜ் என்று பிறகு யாரோ திருத்தினார்கள். நான் திருத்திக்கொள்ளவில்லை. ஜப்பானிலும் அதைக் கேசட் என்றுதான் சொன்னார்கள்.

சேவ் செய்ய முடியாததால் நேர்ந்த கூத்துகள் தனி. பேட்டில் சிட்டியில் நாமே ஸ்டேஜ் கட்டும் வசதி உண்டு. அண்ணன் மதியம் முழுக்க உட்கார்ந்து செங்கல், இரும்பு, தண்ணீர், புதர் என்று, நாம் காக்க வேண்டிய கழுகைச் சுற்றி ஒரு கோட்டை எழுப்புவான். ஸ்டேஜுக்கு இருபது எதிரி டாங்கி. ஆறாவதோ ஏழாவதோ வரும்போது கரண்ட் போய்விடும். திரும்பி வரும்போது கோட்டை இருக்காது. அந்த 2 கிலோபைட், மின்சாரம் இருக்கிறவரைதான் எதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளும்.

எக்ஸைட்பைக் இன்னும் மோசம். அதில் பைக் ஓடும் பாதையை நாமே அமைக்கலாம், அமைத்த பிறகு மெனுவில் சேவ் என்றே ஒரு வரி இருக்கும். ஆசையாக அழுத்தினால் ஒன்றும் நடக்காது. அழுத்துவதில் தப்பா, ஜாய்ஸ்டிக்கில் தப்பா என்று எத்தனையோ நாள் மண்டையை உடைத்துக்கொண்டோம். தப்பு எங்கள் மேல் இல்லை. ஃபேமிகாமுக்கென்று ஜப்பானில் ஒரு டேப் ரெக்கார்டர் விற்றார்கள். பாட்டுக் கேட்கும் அதே டேப்பில் அந்தப் பாதையை ஒலியாக மாற்றிப் பதிந்து வைக்கும். சேவ் என்ற வரி அந்த ரெக்கார்டருக்காகப் போட்டது. ரெக்கார்டர் அருப்புக்கோட்டை வரை வரவில்லை, வரி மட்டும் வந்து சேர்ந்தது.

அப்புறம் ஊதுவது. படம் கோடு கோடாக வந்தாலோ, திரை ஒரே சாம்பல் நிறமாக நின்றாலோ கேசட்டை உருவி, புல்லாங்குழல் மாதிரி வாயில் வைத்து இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஊத வேண்டும். யார் சொல்லிக் கொடுத்தது என்று தெரியாது, உலகம் முழுக்க எல்லாக் குழந்தையும் ஊதியிருக்கிறது. ஊதினால் வேலை செய்யவும் செய்தது. ஆனால் வேலை செய்தது ஊதல் இல்லை. உருவித் திரும்பச் செருகும்போது செப்புத் தகடுகள் ஒன்றோடொன்று உரசி, மேலே படிந்த அழுக்கு கொஞ்சம் விலகி, தொடர்பு கிடைத்துவிடுகிறது. எச்சில் ஈரம் தகட்டை மெல்ல அரிக்கத்தான் செய்யும். ஊதாதீர்கள் என்று நின்டெண்டோவே எச்சரித்திருக்கிறது. எங்கள் தெருவில் ஒரு அக்கா மட்டும் ஊத மாட்டார். பென்சில் ரப்பரால் தகட்டை மேலும் கீழும் தேய்த்து, பாவாடையில் துடைத்துவிட்டுச் செருகுவார். “எச்சி பண்ணாதீங்கடா” என்பார். கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்பவர்கள் ரேம் (RAM) கார்டை இன்றைக்கும் அப்படித்தான் துடைக்கிறார்கள். தெருவிலேயே சரியாகச் செய்த ஒரே ஆள் அவர்தான்.

பெரியவர்கள் விட்ட மிரட்டல் ஒன்று உண்டு: “பிக்சர் ட்யூப் போயிரும்.” இதில் பாதி உண்மை. ஒரே படம் மாதக்கணக்கில் அசையாமல் நின்றால் பழைய டிவித் திரையில் அதன் தடம் விழும். கடைகளில் நிற்கும் பெரிய கேம் பெட்டிகளில் அப்படி விழுந்தும் இருக்கிறது. மத்தியானம் இரண்டு மணி நேரம் ஆடுவதால் விழாது. அவர்களுக்கு ஏழரை மணி சீரியலுக்கு டிவி வேண்டும், அவ்வளவுதான்.

டக் ஹன்டில் வாத்து சுடும் துப்பாக்கியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. டிவி எப்படித் தெரிந்துகொள்கிறது, நான் வாத்தைத்தான் சுட்டேன் என்று? துப்பாக்கியிலிருந்து ஏதோ கதிர் போகிறது என்று நினைத்திருந்தோம். உண்மை நேர் தலைகீழ். துப்பாக்கி எதையும் அனுப்புவதில்லை, பார்க்க மட்டும் செய்கிறது. குழாய் முனையில் ஒளியை உணரும் ஒரு சிறு கண். விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் முழுக்கக் கறுப்பாகும், அடுத்த கணம் வாத்து இருக்கும் இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைச் சதுரம் வரும். முதலில் இருட்டு, பிறகு வெளிச்சம் என்று கண் பார்த்தால் வாத்து காலி. இரண்டு வாத்து இருந்தால் சதுரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும், எந்தச் சதுரத்தில் வெளிச்சம் பட்டதோ அந்த வாத்து விழும். அந்தப் பளிச் என்ற வெட்டு நம் கண்ணிலும் பட்டது, கோளாறு என்று நினைத்துக்கொண்டோம். பழைய டிவி படத்தை உடனுக்குடன் வரி வரியாக வரைவதால் இது நடந்தது. இன்றைய தட்டை டிவி படத்தை வாங்கி, ஒழுங்குபடுத்தி, சற்றுத் தாமதித்துக் காட்டும். அதற்குள் துப்பாக்கி பார்த்துவிட்டுப் போயிருக்கும். பரணில் இருக்கும் பழைய துப்பாக்கியை எடுத்துப் புது டிவியைச் சுட்டுப் பார்த்து ஏமாந்தவர்களில் நானும் ஒருவன்.

கான்ட்ராவுக்குத் தனிக் கேசட். 1987-ல் கடைகளில் நிற்கும் பெரிய கேம் பெட்டிக்காக கொனாமி நிறுவனம் செய்தது, அடுத்த வருடம் ஃபேமிகாமுக்கு வந்தது. இரண்டு பேர் தோளோடு தோள் நின்று ஆடுகிற கேம். அண்ணன் தம்பி உறவை அது வளர்த்ததா கெடுத்ததா என்று இன்னும் எனக்கு முடிவாகத் தெரியவில்லை. மூன்றாவது ஸ்டேஜ் அருவி. மேலே ஏற ஏற திரை மேலே நகரும், கீழே நிற்பவன் திரைக்கு வெளியே போனால் ஒரு லைஃப் அவுட். அண்ணன் தன் பாட்டுக்குக் குதித்துக் குதித்து ஏறிவிடுவான். “இருடா வரேன்” என்று நான் கத்துவதற்குள் செத்திருப்பேன். லைஃப் எல்லாம் தீர்ந்தால் கூட்டாளியின் லைஃபிலிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ளலாம் என்பதைக் கண்டுபிடித்த நாளில்தான் பழி தீர்த்தேன்.

எஸ் என்ற எழுத்தை எடுத்தால் குண்டு விசிறி போல் பிரிந்து பாயும். இரண்டு பேரும் அதை வைத்துச் சுட்டால் ஆட்களும் குண்டுகளும் மினுக்கு மினுக்கென்று மறைந்து மறைந்து தெரிவார்கள். பெட்டி சூடாகிவிட்டது என்று அணைத்து வைப்போம். அந்தப் படச் சிப்பால் திரையில் மொத்தம் 64 நகரும் துண்டுகளைத்தான் காட்ட முடியும். ஒரே கிடைக்கோட்டில் எட்டு. ஒன்பதாவது வந்தால் அது தெரியாது. எப்போதும் அந்த ஒன்றே தெரியாமல் போகக் கூடாது என்று, ஒவ்வொரு படச் சட்டத்துக்கும் முறை வைத்து வேறொன்றை மறைப்பார்கள். அந்த முறைதான் மினுக்கலாகத் தெரிந்தது. அடாப்டர் சூடானது வேறு கதை, அது எப்போதுமே சூடாகத்தான் இருக்கும்.

மேலே மேலே, கீழே கீழே, இடம் வலம், இடம் வலம், பி, ஏ, ஸ்டார்ட். முப்பது லைஃப். புத்தகமும் இல்லை, கையேடும் இல்லை, வாய் வழியாகவே இது ஊர் ஊராகப் பரவியது. எங்களுக்குச் சொன்னவன் மதுரையிலிருந்து லீவுக்கு வந்த ஒரு பையன். ஒரு பால் ஐஸ் வாங்கிக்கொண்டுதான் சொன்னான். இந்தச் சங்கேதம் முதலில் இருந்தது 1986-ல் ஃபேமிகாமுக்கு வந்த கிரேடியஸ் என்ற வேறொரு கேமில். அதை அப்படிக் கொண்டுவந்த கசுஹிசா ஹஷிமோட்டோ, சோதித்துப் பார்க்கும்போது தனக்கே ரொம்பக் கஷ்டமாக இருந்ததால் தன் வசதிக்காகப் போட்டுக்கொண்டது. எடுக்காமல் அப்படியே வெளியாகிவிட்டது. 2020-ல் அவர் இறந்தபோது வந்த செய்திகளில் அந்தப் பொத்தான் வரிசையும் சேர்ந்தே வந்தது.

போன மாதம் லேப்டாப்பில் ஒரு எமுலேட்டர் (பழைய பெட்டி மாதிரியே நடந்துகொள்ளும் மென்பொருள்) போட்டு மரியோவை ஓட்டினேன். என்னவோ சரியில்லை. படம் துல்லியம், ஆனால் ஆள் அவசரமாக ஓடுகிறான், பாட்டு யாரோ துரத்துவது மாதிரி போகிறது. இரண்டு மூன்று இடங்களில் விழுந்து செத்தேன். கை பழசாகிவிட்டது என்று முதலில் நினைத்தேன். கை காரணமில்லை. அந்தக் காலத்தில் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் டிவி நொடிக்கு 60 படம் காட்டியது, இந்தியாவில் 50. கேமின் வேகம் படக் கணக்கில் போவதால், நமக்கு விற்ற பெட்டிகளில் பெரும்பாலும் எல்லாமே ஆறில் ஒரு பங்கு மெதுவாக நடந்தது. என் விரல்கள் பழகியது மெதுவான மரியோவுக்கு. சத்தத்திலும் வித்தியாசம் உண்டு. ஃபேமிகாமின் மெட்டை வாசிப்பது இரண்டு சதுர அலைகள். அலை எவ்வளவு பங்கு நேரம் உயர்ந்து நிற்கிறது என்பதைப் பொறுத்து அதன் குரல் மாறும். பல நகல் சிப்புகளில் 25 சதவீதத்தையும் 50 சதவீதத்தையும் இடம் மாற்றி அமைத்துவிட்டார்கள். சுரம் அதேதான், குரல் மட்டும் வேறு. கொஞ்சம் மூக்கடைத்த மாதிரி.

எமுலேட்டரின் அமைப்புகளைத் துழாவினால், வேகத்துக்கு டென்டி என்று ஒரு தேர்வு இருக்கிறது. அந்த அலைகளை இடம் மாற்றிக்கொள்ளவும் ஒரு டிக் பெட்டி இருக்கிறது. நகலில் வளர்ந்தவர்களுக்காகவே யாரோ மெனக்கெட்டு வைத்திருக்கிறார்கள். இரண்டையும் போட்டேன். கூடத்தில் ஃபேன் சத்தம் ஒன்றுதான் குறை.

அசலையும் நகலையும் பதிவு செய்து திருப்பூரில் இருக்கும் அண்ணனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன், எது எது என்று சொல்லாமல். முதலாவதைக் கேட்டுவிட்டு, “நல்லாத்தான் வாசிக்கிறாங்க, யாரு?” என்று எழுதினான். இரண்டாவதைக் கேட்டதும் போனே வந்துவிட்டது. “டேய், அந்த மஞ்சக் கேசட்டு உன்கிட்டயா இருக்கு? இத்தன வருசமா நான் தேடிக்கிட்டு இருக்கேன்.”